முதியோர் நெஞ்சக் கவாடம்

சென்ற கோடை விடுமுறையில், எம்முடன் பயிலும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் யாம் சில நாள் தங்கியிருந்தோம். காரைக்குடிக்கு அணித்தாகிய ஆத்தங்குடி அவர்தம் ஊர். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை வார்த்துத் தரைக்கற்களைக் கையாலேயே செய்யும் அவ்வூர்த் தொழிலைக் காணவே சென்றோம். ஆயினும், திரும்பி வருங்கால் எம் உள்ளத்தை நிறைத்தது பிறிதொரு செய்தியாகும்.

நண்பரின் அப்பத்தாவுக்கு அகவை 84. முகப்பிலிருந்து வளவைக் கடந்து இரண்டாங்கட்டுக்குச் செல்வதற்குள் அவர் இருமுறை அமர்ந்து இளைப்பாறுவார். நீரிழிவும், சிறுநீரகத் தளர்ச்சியும், குருதிக் குறைவும் அவருக்கு முன்னரே உண்டு. இவற்றோடு, நெஞ்சிலுள்ள கதவொன்று சரிவரத் திறக்கவில்லை என்று மருத்துவர் புதிதாகக் கூறியிருந்தார். "இந்த வயதில் சிகிச்சை எதற்கு?" என்றார் வீட்டார் ஒருவர். "எவ்வளவு செலவானாலும் செய்தே தீரவேண்டும்" என்றார் மற்றொருவர். தூணருகே அமர்ந்திருந்த ஆச்சி எம்மை நோக்கி, "கதவு என் நெஞ்சுக்குள்ளே இருக்கு; பேச்செல்லாம் வெளியிலேதான் நடக்குது, தம்பி" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வால்வு என வழங்கும் உறுப்பைக் கவாடம் என்று குறித்தல் மிகவும் பொருந்தும், கவாடமாவது கதவு. நம் இருதயத்தின் அறைகள் நான்கு, கவாடங்களும் நான்கே. வீட்டுக் கதவு வருவோரையும் போவோரையும் ஒருங்கே விடும். இருதயக் கவாடமோ குருதியை முன்னே செல்ல விடுமேயன்றிப் பின்னே திரும்ப விடாது. ஒரு நாளில் அஃது ஏறக்குறைய 1,00,000 முறை திறந்து மூடுகிறது. அதற்கு வரும் கேடு இருவகைத்து: நன்கு திறவாமை ஒன்று, நன்கு மூடாமை மற்றொன்று. நம் நாட்டில் இளையோரின் கவாடத்தைப் பெரும்பாலும் கெடுப்பது ரூமாட்டிக் காய்ச்சல். முதியோர்க்கு நேர்வது வேறு. இருதயத்திலிருந்து உடல் முழுவதற்கும் குருதியை விடுக்கும் பெருந்தமனிக் கவாடத்தின் மெல்லிய இதழ்களில், ஆண்டுகள் செல்லச் செல்லச் சுண்ணம் படிகிறது. செட்டிநாட்டுச் சுவர்களுக்கு மெருகு தரும் சுண்ணம் ஈண்டு இதழ்களை இறுக்கிவிடுகிறது. 3 அல்லது 4 சதுர சென்டிமீட்டர் அகன்றிருக்க வேண்டிய வாயில் 1 சதுர சென்டிமீட்டரினும் குறுகுமாயின், நோய் கடுமையானது என்பர்.

அப்போது மூச்சு வாங்கும்; மார்பு வலிக்கும்; மயக்கமும் வரும். இக்குறிகள் தோன்றியபின் கவாடத்தைச் சரிசெய்யாவிடின், பலர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குமேல் வாழ்வதில்லை. மருந்துகள் இளைப்பைச் சிறிது தணிக்கும். இறுகிய கதவைத் திறக்கமாட்டா.

1960 முதல் இருதயத்தினுள் செயற்கைக் கவாடம் பொருத்தும் அறுவை வழக்கில் உள்ளது. ஆனால் அதற்கு மார்பெலும்பைப் பிளந்து, இருதயத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, அதன் தொழிலை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். தளர்ந்த முதியோர் பலர் இதனைத் தாங்கார். ஆதலின், "இவருக்கு இனிச் செய்வதற்கொன்றுமில்லை" என்று மருத்துவர் கைவிட்ட காலமும் இருந்தது. பிரான்சு நாட்டு ரூவான் நகரில் அலென் கிரிபியே என்னும் மருத்துவர் 2002ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் ஒரு புது வழியைத் திறந்தார். விலங்கின் சவ்வால் ஆன கவாடத்தை உலோக வலையிற் பொருத்திச் சுருக்கி, தொடையின் குருதிக்குழாய் வழியே இருதயத்திற்குச் செலுத்தி, ஆங்கு விரியச் செய்தார். பழைய கவாடம் ஓரமாக ஒதுங்க, புதியது அதன் பணியை ஏற்றது. இன்று குஜராத்து மாநிலம் வாப்பியிலுள்ள மெரில் நிறுவனமும் 'மைவால்' என்னும் பெயரால் இத்தகைய கவாடங்களைச் செய்கிறது. சென்னை மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது. ஆயின் செலவு பல இலட்சம் ரூபாயாகும்.

அங்ஙனமாயின் எல்லா முதியோர்க்கும் இதனைச் செய்துவிடலாமே எனின், ஆராய்தற்குரியது ஒன்றுண்டு. அறுவையைத் தாங்கார் என்று ஒதுக்கப்பட்ட 358 நோயாளரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2010இல் வெளிவந்தது. பழைய முறையிற் கவனிக்கப்பட்டோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 51 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். புதுக் கவாடம் பெற்றோரில் 31 பேர் இறந்தனர். நூற்றுக்கு இருபதின்மர் உயிர் பிழைத்தல் சிறிய நன்மையன்று. எனினும், கவாடம் செவ்வையாகத் திறந்த பின்னரும் 31 பேர் மாய்ந்தது ஏன்? அவர்களுட் பலருக்குக் கவாடத்தையன்றிப் பிற நோய்களும் இருந்தமையே பெருங்காரணம்.

ஆகவே மருத்துவர் முதற்கண் ஆராய வேண்டுவது வயதை அன்று, தளர்ச்சியை. எண்பத்தைந்து அகவையிலும் தோட்டத்தில் நீர் பாய்ச்சுவாருளர். எழுபதிலேயே எழமாட்டாதாரும் உளர். உடல் தானே மெலிதல், ஓயாத சோர்வு, கைப்பிடி வலுவிழத்தல், நடை தாழ்தல், உழைப்புக் குறைதல் என்னும் ஐந்தனுள் மூன்று காணின் தளர்ச்சி உண்டு என, லிண்டா ஃபிரீட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் 2001இல் வரையறுத்தனர். 5 மீட்டர் தொலைவை நடக்கச் செய்து பார்ப்பதும் ஒரு சோதனை. 6 வினாடிக்குமேற் சென்றால் நடை தாழ்ந்தது என்பர். நீராடல், உடுத்தல், உண்ணல் ஆகியவற்றைத் தாமே செய்கின்றனரா, நினைவு தெளிவாக உள்ளதா என்பனவும் வினவப்படும்.

இவ்விடத்து ஒரு நுட்பம் உண்டு. கவாடத்தால் வந்த தளர்ச்சி வேறு. கவாட நோயோடு உடன்வந்த தளர்ச்சி வேறு. முன்னையது கவாடம் திறந்தால் நீங்கும். முற்றிய நுரையீரல் நோயாலும் நினைவிழப்பாலும் வந்த பின்னையது, எத்துணைச் சிறந்த கவாடம் பொருத்தினும் நீங்காது. பிற நோய்கள் சிகிச்சைக்கே இடையூறாதலும் உண்டு. குருதிக் குழாயைப் படம்பிடிக்கச் செலுத்தும் மருந்து, தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் தாக்கலாம். குருதி உறையாதிருக்கப் பின்னர்க் கொடுக்கும் மாத்திரை, குடலிற் குருதி கசிவோர்க்குத் தீங்காகலாம். சிலருக்குப் பக்கவாதம் நேரும். சிலருக்கு இருதயத் துடிப்பை ஒழுங்குசெய்யும் பேஸ்மேக்கர் வைக்க நேரும்.

ஆதலின் வழிகள் பலவாகும். உடனே கவாடம் பொருத்துதல் ஒன்று. குருதிக் குறைவை நீக்கி, ஊட்டமுள்ள உணவளித்து, சிறுகச் சிறுக நடக்கப் பழக்கி, உடல் தேறியபின் பொருத்துதல் மற்றொன்று. பலூனால் வாயிலைச் சிறிது அகலச் செய்தல் பிறிதொன்று. ஆயின் சில திங்களில் அது மீண்டும் குறுகிவிடும். கவாடத்தைத் தொடாமல் மூச்சுத் திணறலையும் வலியையும் மட்டும் தணித்து உடனிருத்தலும் ஒரு சிகிச்சையே. அதனைக் கைவிடுதல் என்று எண்ணற்க.

இவற்றுள் எதனைத் தேர்வது? இருதய மருத்துவர், அறுவை மருத்துவர், முதியோர் மருத்துவர் ஆகியோர் கூடி ஆராய்தல் நன்று. ஆயினும் நோயாளர் எதனை விரும்புகின்றார் என்பதை அவரையன்றி யாரே கூறவல்லார்?

ஆச்சியை அடுத்தமுறை கண்ட மருத்துவர், மக்களைச் சிறிது பொறுக்கச் சொல்லி, "உங்களுக்கு என்ன வேண்டும், ஆச்சி?" என்று வினவினாராம். "நூறு வயசு கேக்கலை. மூச்சு வாங்காம நடந்துபோய் முகப்புத் திண்ணையிலே உக்காரணும், அது போதும்" என்றாராம் அவர். முதலிற் குருதிக் குறைவுக்கு மருந்தளித்து, உடலைத் தேற்றி, இரண்டு திங்கள் கழித்தே கவாடம் பொருத்தினர். அண்மையில் நண்பர் எமக்கு எழுதிய கடிதத்தில், அப்பத்தா இப்போது நடுவில் அமராமலே வளவைக் கடக்கின்றார் என்றும், நீரிழிவும் சிறுநீரகத் தளர்ச்சியும் முன்போலவே உள்ளன என்றும் குறித்திருந்தார். அவர் கேட்டதும் அவ்வளவே.

நம் இல்லங்களிலும் முதியோர் உளர். ஒருநாள் நாமும் மருத்துவர்முன் அவர்களுக்காக நிற்க நேரும். அன்று, "வயதாயிற்று" என்று விட்டுவிடுதலும் வேண்டா. பொருள் உண்டு என்பதற்காக எல்லாவற்றையும் செய்துவிடத் துணிதலும் வேண்டா. இத்தளர்ச்சி எதனால் வந்தது, சிகிச்சை எதனை நீக்கும், எதனை நீக்காது என்னும் மூன்றையும் மருத்துவரிடம் கேட்போமாக. நான்காவது வினாவை அம்முதியோரிடமே, அவர் அருகிலமர்ந்து கேட்போமாக. கதவு அவருடையதன்றோ!