மனப்பாரம் இறக்க ஒரு கொப்பி

உங்கள் கதையை இதுவரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்? கிராம அலுவலருக்கு ஒரு தடவை, நிவாரணப் பதிவுக்கு ஒரு தடவை, தொண்டு நிறுவனத்தாருக்கு ஒரு தடவை. 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னும், 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழுவின் முன்னும், 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் அதே கதையைச் சொன்ன தாய்மார் பலர். பெயர், திகதி, இடம், கடைசியாகக் கண்டவர் யார், அத்தாட்சி என்ன என்பனவே அங்கு கேட்கப்படும். பதிவுக்கு அவை தேவைதான். ஆனால் அன்றிரவு உங்கள் நெஞ்சு என்ன பாடுபட்டது என்று எழுத எந்தப் படிவத்திலும் இடமில்லை.

அந்த இடத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். அதற்கு வேண்டியது ஒரு கொப்பி, ஒரு பேனை, நாளுக்கு 15 நிமிடம்.

ஒப்பாரி சொல்ல முடியாத துக்கம்

எமது ஊர்களில் துக்கத்துக்கு வாய் இருந்தது. செத்த வீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லி அழுதார்கள். எட்டு, அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று அழுவதற்கு நாட்களும் குறிக்கப்பட்டிருந்தன. யுத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2009 இன் ஆரம்ப மாதங்களில் வன்னியில் உறவுகளைப் பறிகொடுத்த பலருக்கு முறையாக அடக்கம் செய்யவே அவகாசம் கிடைக்கவில்லை. காணாமற்போனவரின் மனைவிக்கோ தாய்க்கோ ஒப்பாரி சொல்ல மனம் இடங்கொடாது. சொன்னால், அவர் இறந்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

இத்தகைய நிலையை அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் போலின் பொஸ் 'தெளிவற்ற இழப்பு' என்று குறிப்பிட்டார். குழப்பம் அந்தப் பெண்ணிடம் இல்லை, அவள் நிறுத்தப்பட்டிருக்கும் நிலைமையில்தான் இருக்கிறது என்பது அவரது கருத்து. ஒன்றுக்கொன்று முரணான இரு எண்ணங்களையும் ஒரே மனதில் வைத்திருக்கலாம் என்றும் அவர் கூறுகிறார். ஊருக்கு முன்னால் நாம் ஏதாவது ஒன்றைத்தான் சொல்லலாம். கொப்பியில் அப்படியல்ல. திங்கட்கிழமை 'அவர் வருவார்' என்று எழுதலாம். செவ்வாய்க்கிழமை 'இனி வரமாட்டார்' என்று எழுதலாம். கொப்பி இரண்டையும் வாங்கிக்கொள்ளும், ஏன் மாற்றிச் சொல்கிறாய் என்று கேட்காது.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சான்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 46 மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வை 1986 இல் வெளியிட்டார். மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். சிலர் சாதாரண விடயங்களை எழுத, ஏனையோர் தம்மைப் பாதித்த சம்பவங்களை எழுதினார்கள். நடந்ததையும் அதன்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் கூடுதலான கவலையோடு காணப்பட்டார்கள். ஆயினும் அடுத்து வந்த 6 மாதங்களில் அவர்கள் நோயென்று மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைவாக இருந்தது.

பின்னர் இவ்வாறான எழுத்துக்களில் உள்ள சொற்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 'ஏனென்றால்', 'அதனால்', 'இப்போது விளங்குகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் கூடி வந்தவர்களிடமே முன்னேற்றம் அதிகம் தென்பட்டது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுவதால் மட்டும் பாரம் இறங்குவதில்லை.

எங்கள் பெண்கள் குழுவில் உள்ள ஒரு தாயிடம் இதை நான் கண்டேன். பெயரும் ஊரும் குறிப்பிடாமல் எழுத அவர் சம்மதித்தார். இறுதி யுத்தத்தில் தண்ணீர் எடுக்கப் போன மகன் செல் விழுந்து இறந்தான். 'நான் அவனை அனுப்பியிருக்கக் கூடாது' என்ற ஒரே வசனத்தால் அவரது பக்கங்கள் நிறைந்திருந்தன. 'பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்திக்கு இப்படி நடந்திருந்தால் அவளுக்கு என்ன சொல்லுவீங்கள் அம்மா? அதை எழுதிப் பாருங்கோ' என்றேன். சில நாட்களின் பின் அவர் காட்டிய பக்கத்தில் இப்படி இருந்தது: 'பிள்ளை, சின்னதுகள் தண்ணி கேட்டு அழுததுகள். அதனாலதான் நீ அனுப்பினாய். செல் அடிச்சது நீ இல்லை.' அவரது கண்ணீர் அதோடு நின்றுவிடவில்லை. ஆனால் அந்தப் பழைய வசனம் அதன் பின் அவரது கொப்பியில் அரிதாகவே வந்தது.

எழுத்தை மிகைப்படுத்தவும் கூடாது. 2006 இல் 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பயன் உண்மையானது, ஆனால் சராசரியாகச் சிறியது என்றே தெரியவந்தது. எழுத்து ஒரு துணை. அது வைத்தியமாகிவிடாது.

எப்படி எழுதலாம்?

பிள்ளைகளின் பழைய கொப்பியில் மிஞ்சிய ஒற்றைகளே போதும். கதைப்பதுபோலவே எழுதுங்கள். எழுத்துப்பிழை பார்க்க யாரும் வரப்போவதில்லை. எழுத்துப் பழக்கம் குறைந்தவர்கள் ஐந்தாறு சொற்களை எழுதலாம், படம் கீறலாம்.

யாருக்கு எழுதுவது என்று தெரியாவிட்டால் ஒருவரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ்ந்த ஆன் பிராங்க், 1942 இல் தனது 13 ஆவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பில் 'கிற்றி' என்ற கற்பனைத் தோழிக்குக் கடிதமாகவே எழுதினாள். நீங்கள் கணவருக்கு எழுதலாம், பிள்ளைக்கு எழுதலாம், அம்மாளாச்சிக்கும் எழுதலாம்.

துக்கத்தை மட்டும் எழுதிவிட்டு மூடாதீர்கள். கடைசி இரண்டு வரியில் அன்றைய நாளைக் குறியுங்கள். கோழி அடைகிடக்கிறது, மூத்தவள் கணக்கில் நல்ல புள்ளி எடுத்தாள், முருங்கைக்காய் விற்றுக் கொஞ்சம் காசு வந்தது. எழுதினால் நித்திரை கெடுகிறது என்றால் இரவில் எழுதாமல் பகலில் எழுதுங்கள்.

கொப்பி யாருடையது?

கடதாசிக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். இடம்பெயர்ந்தபோது கடிதங்களையும் படங்களையும் எரித்தவர்கள், புதைத்தவர்கள் எம்மிடையே உள்ளனர். ஆகவே பிறருக்கு ஆபத்தாகக்கூடிய பெயர்களை எழுத வேண்டாம், ஓர் அடையாளம் போட்டால் போதும். கொப்பி மற்றவர் கையில் படும் என்ற பயம் இருந்தால் எழுதிய தாளைக் கிழித்து அடுப்பில் போடுங்கள். எரித்தாலும் நீங்கள் எழுதியது எழுதியதுதான். வீட்டிலுள்ளவர்களும் அம்மாவின் கொப்பியை அவரது அனுமதியின்றித் தொடாதிருப்பது நல்லது.

காணாமற்போனவர் பற்றிய திகதிகள், முறைப்பாட்டு இலக்கங்கள், சாட்சி விபரங்கள் என்பவற்றை வேறொரு கொப்பியில் எழுதி ஆவணங்களோடு பத்திரப்படுத்துங்கள். அந்தக் கொப்பி அலுவலகத்துக்கு. இந்தக் கொப்பி உங்கள் மனதுக்கு. மனதுக்கு எழுதும் கொப்பி, கேள்வி கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கி வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. எழுதுவதால் கடன் தீராது, காணியும் மீளாது. ஆனால் அவற்றுக்காக அலைவதற்கு வேண்டிய தெம்பை அது சிறிதளவாவது தரக்கூடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

எழுதும்போது நெஞ்சு படபடத்து, சம்பவம் கண்முன்னே மீண்டும் நடப்பதுபோலத் தோன்றினால் பேனையை வைத்துவிடுங்கள். முகம் கழுவுங்கள். வெறுங்காலால் முற்றத்து மண்ணில் நில்லுங்கள். யாரோடாவது கதையுங்கள். அந்த விடயத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். தாங்க முடியாததை எழுதியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ செல்லுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அதைக் கொப்பிக்கு மட்டும் சொல்லி மறைக்க வேண்டாம். உடனே ஒரு மனிதருக்குச் சொல்லுங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம்.

சகோதரிகளே, முதல் வரி வராமல் பலர் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். 'இன்று நான் யாருக்கும் சொல்லாதது' என்று எழுதித் தொடங்குங்கள். மிச்சத்தை உங்கள் கையே எழுதும்.