பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கே வருவார்கள்!

பக்கவாதம் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் சகோதரிகளுக்கு உதவும் என்பதால், எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன்.

2023, புரட்டாசியில் என் மாமனாருக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. அரசு ஆஸ்பத்திரியில், 12 நாள் வைத்திருந்து காப்பாற்றி அனுப்பினர். 'முதல் சில மாசம் ரொம்ப முக்கியம்மா. தினமும் பிசியோதெரபி குடுக்கணும்' என்றார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகச் செய்வர்தான். ஆனால், எங்கள் ஊரிலிருந்து 38 கிலோ மீட்டர். உட்காரவே முடியாதவரை, தினமும் எப்படி பஸ்சில் ஏற்றுவது?

பக்கத்து டவுனில் ஒரு தனியார் பிசியோதெரபி நிலையம் இருந்தது. முதல்வர் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். 'இது ஆஸ்பத்திரியில படுத்து வைத்தியம் பாக்குறவங்களுக்கும்மா. இங்க செல்லாது. ஒரு தடவைக்கு 400 ரூபாய்' என்றனர். மாதம், 12 ஆயிரம் ரூபாய்! லோடு ஆட்டோ ஓட்டும் என் கணவரின் வருமானத்தில் அது நடக்கிற காரியமா? வீட்டில் யாரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

எதிர் வீட்டுக் கர்ப்பிணியைப் பார்க்க வந்த கிராம செவிலியரிடம், ஆதங்கத்தில் இதைச் சொன்னேன். 'ஏங்க்கா அலையறீங்க? பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவாங்க, காசு கிடையாது' என்று, அங்கேயே பெயரைப் பதிந்துகொண்டார். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையோடு இதுவும் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரமே ஒரு இளம்பெண் வந்தார். ஒரு வட்டாரம் முழுவதையும் பார்ப்பவர் என்பதால், தினமும் அவரால் வர முடியாது; செய்ய வேண்டியதை எல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். விளங்காத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது; தோள் மூட்டு நழுவிவிடும். சட்டை போடும்போது அந்தக் கையை முதலில் நுழைக்கணும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கணும்.

இதில் ஒரு சங்கடம். என் மாமனார், மருமகளிடம் நேருக்கு நேர் நின்று பேசாதவர். நான் காலைத் தொட்டாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தப் பெண்தான், 'தாத்தா, வெக்கப்பட்டா கால் நடக்காது. இவங்களை டீச்சரா நெனச்சுக்கோங்க' என்று சிரித்தபடியே வழிக்குக் கொண்டுவந்தார். அதன்பின், காலை 6:00 மணிக்கு அவரே, 'டீச்சர் வரலியா?' என்று மாமியாரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார்!

பொங்கலுக்குச் சுவரைப் பிடித்து நின்றார். பங்குனியில், கைத்தடியுடன் டீக்கடை வரை போய் வந்தார். வலது கையில் இன்னும் பிடிமானம் வரவில்லை. டம்ளரை இடது கையால்தான் பிடிக்கிறார். அதனாலென்ன, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறாரே!

சகோதரிகளே... காப்பீட்டு அட்டை செல்லாது என்று சொன்னதும், சோர்ந்து வீடு திரும்பிவிடாதீர்கள். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 'பிசியோதெரபிஸ்ட் எங்கள் ஊருக்கு எப்போது வருவார்?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைத் தயாராக வைத்திருங்கள். 104க்கு போன் செய்தும் விசாரிக்கலாம். பயிற்சி சொல்லும் நாளில், வீட்டு ஆண்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். புரட்டவும் தூக்கவும் ஒரு ஆள் பலம் போதாது!

– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.