சோழமண்டலத்தின் பெயர் தாங்கிய ஊசித்தட்டான்

குளக்கரைப் புற்களுக்கிடையே மஞ்சள் நிற ஊசியொன்று தாழப் பறந்து செல்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அது ஊசித்தட்டான்களில் ஒன்று. அதன் அறிவியல் பெயர் செரியாகிரியான் கோரமண்டலியானம். புதுச்சேரி அமைந்துள்ள சோழமண்டலக் கரையை ஐரோப்பியர் ‘கோரமண்டல்’ என்றழைத்தனர். அப்பெயரையே டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபாப்ரிசியஸ் 1798இல் இப்பூச்சிக்குச் சூட்டினார்.

தட்டான் அமரும்போதும் இறக்கைகளை விரித்தே வைத்திருக்கும். ஊசித்தட்டான்களில் பெரும்பாலானவை அவற்றை முதுகின்மேல் சேர்த்துக்கொள்ளும். அவற்றின் கண்கள் தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும்.

நம் பூச்சியை அடையாளம் காண அதைப் பிடிக்க வேண்டியதில்லை. ஆணின் மார்பு பசுமை கலந்த மஞ்சள். வால்போல் நீண்ட வயிறு, சுமார் 3 செ.மீ. நீளம்; புள்ளியோ கோடோ இல்லாத தூய மஞ்சள். பெண் சற்று மங்கிய பழுப்பு நிறம். வயிற்றின் அடியும் நுனியும் செங்கல் சிவப்பாக இருந்தால், அது இதன் நெருங்கிய உறவினமான செரியாகிரியான் செரினோரூபெல்லம்.

பெயரில் நம் கரை இருந்தாலும், இப்பூச்சி இந்தியாவில் பரவலாகவும் இலங்கை, நேபாளம், வங்கதேசம் போன்ற நாடுகளிலும் வாழ்கிறது. செடிகள் அடர்ந்த குளம், சதுப்பு, வயலோரம் ஆகியவையே அதற்கு உகந்த இடங்கள்.

ஏன் செடிகள் வேண்டும்? பெண் பூச்சி, நீர்ச்செடியின் திசுவைத் துளைத்து அதற்குள் முட்டையிடுகிறது. அப்போது ஆண், வயிற்று நுனியால் பெண்ணின் கழுத்துப் பகுதியைப் பற்றியபடி நேராக நிற்கும்! முட்டையிலிருந்து வரும் இளம் பூச்சி நீருக்குள் வாழும். வால் நுனியிலுள்ள இலை போன்ற மூன்று உறுப்புகள் அது மூச்சு விட உதவும். கொசுப் புழுக்கள் போன்ற சிற்றுயிர்களை அது இரையாக்கும். வளர்ந்ததும் செடித் தண்டில் ஏறித் தோலுரித்துச் சிறகு பெறும்.

ஆகவே, குளத்தை அழகுபடுத்துவதாக எண்ணிக் கரைச்செடிகளை அடியோடு அகற்றிச் சிமெண்டுச் சுவர் எழுப்பினால் என்னவாகும்? நீர் இருக்கும், முட்டையிட இலை இராது, ஏறி வரத் தண்டும் இராது. பாசியும் குப்பையும் வேறு, கரைச்செடி வேறு.

இதை நீங்களே சோதிக்கலாம். ஊசுடு ஏரியிலோ பாகூர் ஏரியிலோ உங்கள் ஊர்க் குளத்திலோ, பெரியவர் ஒருவர் துணையுடன், செடியுள்ள கரையில் 10 நிமிடம், வெறுங்கரையில் 10 நிமிடம் நின்று மஞ்சள் ஊசிகளை எண்ணுங்கள். மாதந்தோறும் எண்ணி எழுதி வாருங்கள். குளத்தின் நலத்தை அந்தக் கணக்கு சொல்லும்.