சரக்கு போயிற்று, பணம் எங்கே?

கோயமுத்தூரில் பம்பு உதிரிப் பாகம் செய்யும் சிறு பட்டறைக்காரர் சரக்கை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பணத்துக்குக் காத்திருக்கிறார். கூலி கொடுக்க அவரே வட்டிக்குக் கடன் வாங்குகிறார். பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர் இவரே அல்லவா?

2006-ம் வருஷத்துச் சட்டம் இதற்குப் பரிகாரம் வகுத்திருக்கிறது. சரக்கை ஏற்ற நாளிலிருந்து, எழுத்து மூலமான உடன்படிக்கை இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிடில் 15 நாளிலும் பணம் செலுத்த வேண்டும். தவறினால், ரிஸர்வ் பாங்கு அறிவிக்கும் பாங்கு விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி. கெடு தவறிய பாக்கியைத் தீர்க்கும் வரையில் வாங்கியவர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாதென்று 2023-ம் வருஷத்து நிதிச் சட்டம் விதித்தது.

ஆனால் 'உத்யம்' பதிவும் தேதியிட்ட பில்லும் கையில் வேண்டும். ஒருவர் கேட்டால் வாடிக்கை போகலாம். ஊர்ப் பட்டறைகள் யாவும் ஒன்றுகூடிக் கேட்டால், எத்தனை பேரை விலக்க முடியும்?