வளர்ப்பு நாயின் நினைவாக நிதி திரட்டுதல்

வளர்ப்பு நாயின் நினைவாக நிதி திரட்டுதல் என்பது, இறந்துபோன தம் நாயின் பெயரால் ஒருவர் நெடுந்தொலைவு ஓட்டம், மிதிவண்டிப் பயணம், மலையேற்றம் போன்ற கடினமான சவாலை மேற்கொண்டு, விலங்கு நல அறக்கட்டளைக்குப் பணம் சேர்த்துத் தரும் வழக்கம் ஆகும். இது ஐக்கிய இராச்சியத்தில் பரவலாகக் காணப்படுகிறது.

செயல்படும் முறை

1981 இல் தொடங்கிய லண்டன் மாரத்தான் (42.195 கி.மீ.) இதற்குப் பெயர்பெற்ற களம். பொதுக் குலுக்கலில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே அறக்கட்டளைகள் பணம் செலுத்தி இடங்களைப் பெற்று, குறிப்பிட்ட தொகையைத் திரட்டித்தர ஒப்புக்கொள்வோருக்கு அளிக்கின்றன. ஓடுபவர் நாயின் படத்துடன் இணையத்தில் பக்கம் ஒன்றைத் திறப்பார்; நண்பரும் உறவினரும் அதன்வழி நன்கொடை வழங்குவர். கொடையாளர் போதிய வரி செலுத்துபவராயின், 'கிஃப்ட் எய்ட்' திட்டப்படி ஒவ்வொரு பவுண்டுக்கும் மேலும் 25 பென்சை அறக்கட்டளை அரசிடமிருந்து பெறலாம். 1860 இல் மேரி டீல்பி ஹாலோவேயில் தொடங்கி, 1871 இல் பாட்டர்சிக்கு இடம்பெயர்ந்த நாய்கள் காப்பகம் இவ்வாறு பயன்பெறும் அமைப்புகளுள் ஒன்று.

துயரமும் ஓட்டமும்

மனிதர் இறந்தால் சடங்கு உண்டு, விடுப்பு உண்டு, துக்கம் விசாரிக்க வருவோர் உண்டு. நாய் இறந்தாலோ, "வேறொன்று வாங்கிக்கொள்ளலாமே" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் ஆறுதல். சமூகம் ஏற்காத இத்தகைய துயரை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989 இல் வெளிவந்த நூலில் 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்ற கருத்தாக விளக்கினார். மாதக்கணக்கில் நீளும் பயிற்சியும், சட்டையில் எழுதிய நாயின் பெயரும் அத்துயரைப் பிறர் அறியச் செய்கின்றன. ஓட்டம் இங்கே ஓரளவு சடங்கின் இடத்தைப் பெறுகிறது எனலாம்.

துயரத்தின் வேகத்தில் பெருந்தொகைக்கு ஒப்புக்கொண்டு, பின்னர் அதனைத் திரட்ட இயலாமல் இடர்ப்படுவோரும் உளர். குலுக்கலில் இடம் பெற்றவருக்கு இக்கட்டாயம் இல்லை. அவர் விரும்பிய அளவு சேர்க்கலாம்.