வெப்பநிலையும் தாவர ஆவிகளின் ஆக்சிஜனேற்றமும்: செங்கல்பட்டு – மாமல்லபுரம் கடற்கரையை முன்வைத்து

முன்னுரை

மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரை மணற்பரப்பில் சவுக்குத் தோப்புகள் பரவலாக உள்ளன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் அலைத்தடுப்பு அரணாகவும் சவுக்கு நடப்பட்டது. இம்மரம் வெயிலில் ஐசோப்ரீன் என்னும் கரிம ஆவியை வெளியிடுகிறது. தைலமரம் ஐசோப்ரீனோடு ஆல்பா-பைனீன் முதலிய மோனோடெர்பீன்களையும் வெளியிடுகிறது. இவ்வாவிகளின் ஆக்சிஜனேற்றத்தில் வெப்பநிலை ஒரே திசையில் செயல்படுவதில்லை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வெளியீடும் வினையும்

இலையில் சேமிக்கப்பட்ட மோனோடெர்பீன்களின் வெளியீடு, வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது ஏறத்தாழ இரண்டரை மடங்காகிறது. ஐசோப்ரீன் வெளியீடு ஒளியையும் சார்ந்தது. இலையின் வெப்பநிலை 40 பாகையை ஒட்டிய நிலையில் உச்சமடைந்து பின்னர்க் குறைகிறது.

பகலில் ஐசோப்ரீனை முதன்மையாகத் தாக்குவது ஹைட்ராக்சில் இயங்குறுப்பு. அவ்வினையின் வேகம் வெப்பத்தால் சற்றே குறைகிறது; ஓசோனுடனான வினையோ விரைவடைகிறது. இவ்வினைகளில் தோன்றும் பெராக்சி இயங்குறுப்புகள் தம்முள்ளேயே ஹைட்ரஜனை இடம்பெயர்த்து மேலும் ஆக்சிஜனை ஏற்கின்றன. இத்தன்னாக்சிஜனேற்றம் வெப்பத்தால் பெரிதும் விரைவடைகிறது.

எதிரெதிர் விளைவுகள்

வெப்பம் மிகுந்தால் விளைபொருள்களின் ஆவியாகும் தன்மையும் மிகுகிறது. அவை துகளில் படியாமல் வளிநிலையிலேயே தங்குகின்றன. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலுள்ள கிளவுட் கலத்தில் −25, 5, 25 பாகைகளில் ஆல்பா-பைனீனைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு 2018இல் வெளியானது. குளிரில் ஆக்சிஜனேற்றம் குறைந்தாலும், ஆவியாகும் தன்மையும் குறைவதால் நுண்துகள் வளர்ச்சி பெரிதும் தடைபடவில்லை என அது காட்டியது.

இக்கடற்கரைக்குப் பொருத்துதல்

அவ்வாய்வின் மேல் எல்லையே நமக்குக் கீழ் எல்லை. மே மாதத்தில் இங்கு இரவு வெப்பநிலைகூடப் பெரும்பாலும் 25 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. எனவே அம்முடிவை இங்கு அப்படியே பொருத்த இயலாது. மேலும், சென்னைப் புறநகரிலும் நெடுஞ்சாலைகளிலும் ஓடும் ஊர்திகளின் நைட்ரிக் ஆக்சைடு, பெராக்சி இயங்குறுப்புகளோடு வினைபுரிந்து தன்னாக்சிஜனேற்றத்தை இடைமறிக்கிறது. அவ்வினையில் உருவாகும் நைட்ரஜன் டை ஆக்சைடு வெயிலில் சிதைந்து ஓசோன் உருவாக வழிசெய்கிறது. ஆகவே கோடை நண்பகலில் துகளைவிட ஓசோனே முதன்மை விளைவாக அமையும் என எதிர்பார்க்கலாம். நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று வெப்பத்தைத் தணிப்பதோடு கரையோர ஆவிகளை உள்நாட்டுப் பக்கம் கொண்டுசெல்வதால், அவ்விளைவு தோப்புகளுக்கு அப்பாலும் தோன்றக்கூடும்.

முடிவுரை

நைட்ரஜன் ஆக்சைடுகள் மிகக் குறைந்த காற்றில் தாவர ஆவிகள் ஓசோனைப் பெருக்குவதில்லை. ஆதலின் மரத்தைக் குறைகூறுவது பொருந்தாது. ஊர்திப் புகையைக் குறைப்பதே முதற்பணி. இலை வெப்பநிலை, ஆவிகள், நைட்ரஜன் ஆக்சைடுகள், ஓசோன், துகள்கள் ஆகியவற்றை இக்கடற்கரையிலேயே ஒருங்கே அளந்தால்தான், எம்மரத்தை எங்கு நடுவது என்னும் வினாவிற்கு உறுதியான விடை கிடைக்கும்.