சாலையைக் கடக்கும் பாசனக் குழாய்

கிணறு சாலையின் ஒரு புறமும் நிலம் மறு புறமுமாக அமைந்துவிட்ட விவசாயிகள் பலர். இவர்களில் சிலர், இரவோடு இரவாகச் சாலையை வெட்டி, பி.வி.சி. குழாயைப் புதைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிடுகின்றனர். இது அறவே தவிர்க்கப்பட வேண்டிய முறையாகும்.

லாரிகளின் பாரத்தால் குழாயின் இணைப்பு விலகுகிறது. மோட்டார் ஓடும் நேரமெல்லாம் கசியும் நீர் அடிமண்ணை அரித்துச் செல்கிறது. தார்த்தளம் மட்டும் கூரை போல் நிற்கும். அடியில் பொந்து விழுந்திருப்பது மேலே தெரியாது. பாரவண்டி ஏதேனும் இறங்கும் நாளில்தான் தெரியும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் கரிசல் மண்ணில் இணைப்புகள் இன்னும் விரைவில் விலகும்.

ஆகவே, பாசனக் குழாயை இரும்பு அல்லது கான்கிரீட் உறைக்குழாய்க்குள் செலுத்துதல் வேண்டும். 75 மி.மீ. குழாய்க்கு 150 மி.மீ. உறை போதுமானது. பழுது நேர்ந்தால் உள்குழாயை மட்டும் உருவி மாற்றலாம். சாலையைத் தோண்ட வேண்டியதில்லை. உறையின் மேற்புறம் சாலை மட்டத்திற்கு 1.2 மீட்டராவது கீழே இருத்தல் வேண்டும். சாலையைக் குறுக்காக, நேராகக் கடப்பதே நல்லது. சாய்வாகப் போட்டால் நீளமும் செலவும் கூடும். உறையின் இரு முனைகளையும் அடைத்துவிடவும். இல்லையேல் மழைநீர் அதன் வழியே பாயும்.

உறைக்குள் இணைப்பு இருத்தல் கூடாது. பி.வி.சி. குழாய் பொதுவாக 6 மீட்டர் நீளத்தில்தான் கிடைக்கிறது. அகலமான சாலைக்குச் சுருளாக வரும் எச்.டி.பி.இ. குழாயே ஏற்றது. கிணற்றுப் புறத்தில் ஒரு கேட் வால்வு அவசியம்.

சிறுபாலத்தின் வழியே குழாயை நுழைப்பது மலிவுதான். ஆனால் அதில் குப்பை சிக்கி வெள்ளம் எதிர்த்தால், முதலில் மூழ்குவது பக்கத்து வயல்களே.

கிராமச் சாலையாயின் ஊராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியத்திலும், மாநில நெடுஞ்சாலையாயின் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளரிடமும் முன் அனுமதி பெறுதல் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாயின் அப்பகுதியைப் பராமரிக்கும் அலுவலகத்தை அணுகவும். பெரிய சாலைகளில் தளத்தை வெட்ட விடமாட்டார்கள். ஓரத்தில் குழி எடுத்து, உறையை அடியில் துளைத்துத் தள்ள வேண்டியிருக்கும். செலவு சற்று அதிகம். பக்கத்து நிலத்தாருடன் சேர்ந்து பெரிய உறையாகப் போட்டுப் பகிர்ந்துகொள்ளலாம்.

நடவு செய்தபின் விண்ணப்பித்தால், அனுமதி வருமுன் பயிர் வாடிவிடும். கோடையிலேயே விண்ணப்பிப்பது நலம். சாலை பின்னர் அகலப்படுத்தப்படலாமாதலால், உறையைத் தார் விளிம்போடு நிறுத்தாமல் இருபுற எல்லைக் கல் வரை நீட்டிவிடவும்.